கூப்பன் எப்போது பணமானது?

அன்புள்ள ஐயா,

சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தைப் பற்றிய கட்டுரையில், உக்ரைனில் 1996 வரை கூப்பனே பணமாகப் புழங்கியது என்று எழுதியிருந்தீர்கள். ரேஷன் கூப்பன் எப்படிப் பணமாகும்? விடுதலை பெற்ற நாடு தன் நாணயத்தை உடனே அச்சிட்டிருக்கலாமே? மக்களை ஏமாற்றிய வேலையாகவே எனக்குப் படுகிறது.

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வந்தது உண்மையிலேயே ரேஷன் கூப்பன்தான். 1990 நவம்பரிலிருந்து சம்பளத்தோடு ஒரு தாளும் தந்தார்கள். கட்டம் கட்டமாகக் கூப்பன்கள். வேலையிடத்தின் முத்திரை இல்லாவிட்டால் செல்லாது. கடையில் ரூபிளையும் எண்ணி வைக்க வேண்டும், கூப்பனையும் கத்தரித்துத் தர வேண்டும். ரூபிள் விலையைத் தீர்த்தது, கூப்பன் வாங்கும் உரிமையைத் தந்தது. உள்ளூர்ச் சரக்கை வெளியார் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு.

1992 ஜனவரி 2 அன்று ரஷ்யா விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது, விலைகள் எகிறின. ரூபிள் அச்சகமோ மாஸ்கோவின் பிடியில் இருந்தது. கீவில் சம்பளம் போடவே நோட்டு போதவில்லை. அதனால் ஜனவரி 10 அன்று, பிரான்சில் அச்சிட்ட புதிய கூப்பன்களை உக்ரைன் வெளியிட்டது. இவற்றைக் கத்தரிக்க வேண்டாம், கூடவே ரூபிளும் தர வேண்டாம், கைமாறிக்கொண்டே இருக்கலாம். கூப்பன் பணமானது அப்போதுதான். அந்த நவம்பரில் ரூபிள் முழுவதும் விலக்கப்பட்டு, கார்போவானெத்ஸ் என்ற பெயரில் இதுவே நாட்டின் ஒரே பணமாயிற்று.

ஏமாற்று என்கிறீர்கள். கூப்பனின் மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். லிதுவேனியாவும் இதே வழியில்தான் போனது. அங்கே 1992 அக்டோபரில் ஒரே பணமான தலோனாஸ் என்ற கூப்பன், அடுத்த ஜூனிலேயே நூறு தலோனாஸுக்கு ஒன்று என்று லிட்டாஸ் என்ற புதிய நாணயத்துக்கு இடம்விட்டது. உக்ரைனிலோ, நட்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கும் கூட்டுப் பண்ணைகளுக்கும் மத்திய வங்கி கடனை வாரி இறைத்தது. 1993இல் மட்டும் விலைகள் நூறு மடங்குக்கு மேல் ஏறின. 1995இல் பத்து லட்சம் கார்போவானெத்ஸ் நோட்டே வந்துவிட்டது. ஆயுள் முழுக்க உழைத்து அரசுச் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த முதியவர்களின் பணம் ஒன்றுமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் கடனுக்கு ஒப்புதல் தந்தவர்கள்மேல்.

உடனே அச்சிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அச்சிட்டார்கள்! ஹ்ரிவ்னியா என்ற சொந்த நாணயத்தின் நோட்டுகள் 1992இலேயே கனடாவில் அச்சாகி, வெளியிடப்படாமல் காத்துக் கிடந்தன. 1993இல் விட்டிருந்தால் அதே நெருப்பில் அவையும் பொசுங்கியிருக்கும். விலையேற்றம் தணியும்வரை பொறுத்தது, அந்த ஆண்டுகளில் எடுத்த மிகச் சரியான முடிவு என்பேன்.

1996 செப்டம்பர் 2 முதல் 16 வரை மாற்றம் நடந்தது: ஒரு லட்சம் கார்போவானெத்ஸுக்கு ஒரு ஹ்ரிவ்னியா. அந்த இரு வாரமும் இரண்டு பணமும் கடைகளில் செல்லுபடியாயின. 1991 ஜனவரியில் சோவியத் அரசு 50, 100 ரூபிள் நோட்டுகளை மூன்றே நாள் கெடுவில் செல்லாததாக்கி மக்களைத் தவிக்கவிட்டிருந்தது. 1996இல் யாருடைய கையிருப்பும் பறிக்கப்படவில்லை.

அன்புடன்.