வேர்ப்பொடியில் இருப்பது ஐபிஏ. வேரைத் தூண்டுவது ஐஏஏ

செடிக்குள் செயல்படும் ஆக்சின் (வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்) இண்டோல் அசிட்டிக் அமிலம், அதாவது ஐஏஏ. பிறகு ஏன் குச்சி நடும்போது, அது வேர்விட அதன் அடியை இண்டோல் பியூட்ரிக் அமிலத்தில் (ஐபிஏ) தோய்க்கிறோம் என்பது நியாயமான கேள்வி.

ஐபிஏ ஒரு முன்பொருள், அதாவது பின்னால் ஐஏஏ-யாக மாறும் சேமிப்பு வடிவம். அதன் பக்கச் சங்கிலியில் நான்கு கரிம அணுக்கள், ஐஏஏ-யில் இரண்டுதான். செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்புக்குள் போனதும், கொழுப்பு அமிலத்தை உடைக்கும் அதே பீட்டா ஆக்சிஜனேற்ற முறையில் இரண்டு கரிம அணுக்கள் கழன்றுவிடும். மிஞ்சுவது ஐஏஏ. இதற்கு அழகான சான்று அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடியின் நாற்றுகளில் உண்டு. ஐஏஏ மிகுந்தால் நாற்றின் முதன்மை வேர் நீளாது: ஐபிஏ கலந்த ஊடகத்தில் சாதாரண நாற்றின் முதன்மை வேர் குட்டையாகிவிடும், மரபணு மாற்றத்தால் பெராக்சிசோம் பழுதான திரிபு நாற்றிலோ வேர் நீண்டுகொண்டே போகும். ஐஏஏ-யை நேரடியாகக் கொடுத்தால் இரண்டுமே குட்டையாகும்.

இன்னொரு சேமிப்பு வழி, ஐஏஏ-யைச் சர்க்கரையோடோ அமினோ அமிலத்தோடோ பிணைத்து வைப்பது. மக்காச்சோள விதை இப்படித்தான் வைத்திருக்கிறது. தேவைப்படும்போது நொதிகள் பிணைப்பை வெட்டுகின்றன.

ஐஏஏ வெளிச்சத்திலும் செடியின் நொதிகளாலும் சீக்கிரம் சிதையும். ஐபிஏ தாக்குப்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐஏஏ-யாக மாறும். அதனால்தான் குச்சிக்கு ஐபிஏ.

அரைமுற்றிய குச்சிக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) போதும்: 100 மில்லிகிராம் ஐபிஏ-யை முதலில் 50 மில்லி எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள். நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் வெள்ளையாக நிற்கும். அடிமுனையை 5 விநாடி மட்டும் நனைத்து, ஆல்கஹால் உலர்ந்தபின் நடுங்கள். அளவு மிஞ்சினால் அடி கருத்துப்போகும், மொட்டும் விரியாது.