கஞ்சிக்கோடு ஷிஃப்டும் மாலை நேர எம்பிஏவும்

நண்பரே, பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே கோவையில் மாலை நேர எம்பிஏ சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாளையார் எல்லை தாண்டும் தூரம் பெரிய விஷயமில்லை, ஷிஃப்ட்தான் இடிக்கும். மதியம் இரண்டுக்கு ஏறி இரவு பத்துக்கு இறங்கும் வாரத்தில் மாலை வகுப்பு மொத்தமும் போச்சு. வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பொது ஷிஃப்டுக்கு மாற்றித் தருவார்களா என்று ஹெச்ஆரிடம் முதலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, எழுதி வாங்குங்கள்.

முடியாதென்றால் கோழிக்கோடு ஐஐஎம்மின் இபிஜிபி, அதாவது வேலையில் இருப்பவர்களுக்கான மேலாண்மைப் படிப்பைப் பாருங்கள். இரண்டு வருடம், வகுப்புகள் பெரும்பாலும் ஆன்லைனில். டிகிரிக்குப் பின் மூன்று வருட அனுபவம் வேண்டும். கட்டணம் லட்சக்கணக்கில்தான். தனியார் கல்லூரி என்றால் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அங்கீகாரம் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அப்புறம், கான்ட்ராக்டில் வேலை செய்த மாதங்கள் இருந்தால் அதற்கும் அனுபவக் கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். பின்னால் கான்ட்ராக்டரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.