வாசகர் கேள்வி பதில்: ரவுட்டரும் அதன் பொடி எழுத்தும்

கேள்வி: ரவுட்டரோடு வந்த காகிதத்தில், 'இந்தக் கருவி பிறருக்குத் தீங்கான இடையூறு தரக்கூடாது, தனக்கு வரும் எந்த இடையூறையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்' என்று போட்டிருக்கிறது. கொடுக்கக்கூடாது, ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்சிசியின் விதிகளில் 15ஆம் பகுதியிலுள்ள வாசகம் அது. வைஃபை ஓடும் அலைவரிசைக்கு நீங்கள் உரிமம் எடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாகத்தான் இந்த நிபந்தனை. உரிமம் பெற்ற சேவைகளுக்கே முதல் இடம், நாம் அவர்களைத் தொந்தரவு செய்யாத வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறினால் சட்டப்படி முறையிட இடமில்லை, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே காகிதத்தில் 'கிளாஸ் பி' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கருவி வெளியே கசியவிடும் மின்காந்த இரைச்சலுக்கு வீடுகளுக்கென வைத்த கடுமையான வரம்பு அது. 'கிளாஸ் ஏ' அலுவலகம், தொழிற்சாலைக்கானது, அதிக இரைச்சலை அனுமதிக்கும். அலுவலகத்தில் கழித்துப்போட்ட பெரிய நெட்வொர்க் சுவிட்சைச் சல்லிசாக வாங்கி வீட்டில் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இரைச்சலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற சிறு கிராமத்தில் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்தும் 18 மாதம் தீரவில்லை. கடைசியில் பொறியாளர்கள் எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தே தேடியபோது, ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய டிவிதான் காரணம் என்று தெரிந்தது. செய்தி 2020இல் வெளியே வந்தது. டிவியின் சொந்தக்காரருக்கு அதுவரை எதுவுமே தெரியாது.

கேள்வி: ரவுட்டரின் அடாப்டர் கெட்டுவிட்டது. பின் சரியாகப் பொருந்துகிற வேறொன்றை மாட்டினேன், நெட் நன்றாகவே வருகிறது, ஆனால் ரேடியோ கொரகொரக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு, நீங்களே சோதித்துவிடலாம். பேட்டரியில் ஓடும் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து அடாப்டர் பக்கத்தில் கொண்டுபோங்கள், அப்புறம் அடாப்டரைப் பிடுங்குங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் ஆள் அகப்பட்டாயிற்று. இன்றைய அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜைக் குறைக்கின்றன. அந்த வெட்டலில் பிறக்கும் இரைச்சல் வீட்டு வயரிங்குக்குள் போகாமல் தடுக்க உள்ளே ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும், மட்டமான அடாப்டரில் முதலில் காணாமல் போவது அதுதான். சோதனைக்கூடத்தில் 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்பது கம்பி வழியாகக் கசியும் இந்த இரைச்சலைத்தான். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் இரண்டும் அதற்குள் அடங்கும். ரவுட்டர் சோதனையில் தேறியது தன் சொந்த அடாப்டரோடு சேர்த்துத்தான். அதை மாற்றினால் பெட்டியில் போட்டிருக்கும் முத்திரை உங்கள் வீட்டு அமைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆனால் எனக்குக் கவலை ரேடியோ இரைச்சல் இல்லை. 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் உங்கள் கை படும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும், பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்த ஒரு தனிவகைக் கெப்பாசிட்டரும் இருக்க வேண்டும். அங்கே சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுக் காசு மிச்சம் பிடித்த அடாப்டரிலும் நெட் நன்றாகத்தான் வரும், என்றைக்காவது அது பழுதாகும்போது லேன் கேபிளின் உலோக முனையைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கலாம். ஃபில்டரில் கை வைத்தவர் இதில் மட்டும் நேர்மையாக இருந்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். கழற்றிவிடுங்கள். வேறு வாங்கும்போது வோல்டேஜ் அச்சாக அதே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். ரவுட்டர் தயாரிப்பாளரே விற்கும் அடாப்டர் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

கேள்வி: ரவுட்டரிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கச் சொல்கிறார்களே, அதற்குள் போனால் ஆபத்தா?

பதில்: கடந்து போகிறதாலோ, ரீசெட் பட்டனை அழுத்துகிறதாலோ ஒன்றும் ஆகாது. உடம்பை ஒட்டி வைக்கும் செல்போன் போன்றவற்றுக்கு ஒரு சோதனை முறை, தள்ளி வைக்கும் கருவிக்கு வேறு முறை. ரவுட்டரை இரண்டாவது முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள், அந்தக் கணக்கின் எல்லைதான் 20 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகிவிடும். தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அது போதும்.

கேள்வி: ரவுட்டர் செட்டிங்கில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் சிக்னல் கூடுகிறது, கூடுதல் சேனலும் கிடைக்கிறது என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடாது. நாடு என்ற அந்த ஒரு வரியில்தான் எந்தச் சேனல், எவ்வளவு சக்தி, எங்கே ரேடாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட்டுக்கு மேல் போகக்கூடாது, வேறு இடங்களில் வேறு அளவு.

5 கிகாஹெர்ட்ஸில் விஷயம் இன்னும் தீவிரமானது. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ரேடார்கள் வேலை செய்கின்றன, வைஃபையின் 120, 124, 128ஆம் சேனல்களும் அங்கேயே விழுகின்றன. அதனால் இப்படிப்பட்ட சேனலில் பேசத் தொடங்கும் முன் ரவுட்டர் சும்மா காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி: பொதுவாக 1 நிமிடம், ஐரோப்பாவில் வானிலை ரேடார் பகுதியில் 10 நிமிடம். நடுவில் ரேடார் துடிப்பு தென்பட்டால் உடனே சேனலைக் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. ரவுட்டரை ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்து பிறகு வருவதற்கு இதுவும் ஒரு காரணம், பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள். நாட்டை மாற்றுவதால் இந்தக் கேட்கும் வேலை நின்றுபோனால் உங்கள் வைஃபை ரேடார் திரையில் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கோடாக விழும், அந்தத் திசையில் மழை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. புயல் வரும் நாளில் அந்தப் படத்தை நம்பி எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிக்னல் போதவில்லை என்றால் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள், இல்லையா, வைஃபையைப் பரப்பும் இன்னொரு பெட்டியான அக்சஸ் பாயின்ட் வைத்து அதற்குக் கேபிள் இழுங்கள்.

கேள்வி: இடி மின்னலின்போது அடாப்டரைப் பிடுங்கினால் போதுமா?

பதில்: போதாது. செம்புக் கம்பி எந்த வழியாக உள்ளே வந்தாலும் அதையும் கழற்ற வேண்டும்: போன் லைன், கேபிள் லைன், மாடிக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ வெளியே இழுத்த லேன் கேபிள், எல்லாமே. லேன் போர்ட்டின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிப்பது 1500 வோல்ட்டுக்கு, மின்னல் அதையெல்லாம் தாண்டிவிடும். இரண்டு கட்டடங்களை இணைக்க ஃபைபர்தான் சரி, அதிலும் உலோகக் கம்பி சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். கழற்றுவதை மேகம் திரளும்போதே செய்துவிடுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு எந்த ஒயரையும் தொடாதீர்கள்.