ஒரே ஊரின் சளிக்காய்ச்சல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரோனா தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்ட விதத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 2020 டிசம்பர் 10 அன்று கூடிய ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்த ஆர்னால்டு மோன்டோவை ‘ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சளிக்காய்ச்சலை ஆராய்ந்தவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. தேடிப் பார்த்ததில், அவர் புதிய கிருமி எதையும் கண்டுபிடித்ததாகவோ புதிய மருந்து எதையும் உருவாக்கியதாகவோ தெரியவில்லை. தானே வந்து தானே போகிற சளிக்கு ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்படிப்புக்குச் சமூக மருத்துவத்தை எடுக்கப்போவதாகச் சொல்கிறான். நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர் என்ன டாக்டர் என்று வீட்டில் பேச்சு. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் தேடிக் கண்டது சரிதான். இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்துகள் சிலவற்றைச் சோதித்துப் பார்த்ததில் மோன்டோவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அவற்றை உருவாக்கியவர் அவர் இல்லை. அந்த வரியை எழுதும்போது நான் நினைத்தது வேறொன்றை. நோயுற்றவர்களை எண்ணுவது எளிது. எத்தனை பேரில் அத்தனை பேர் நோயுற்றார்கள் என்று சொல்வதுதான் கடினம். அந்த இரண்டாவது எண் எந்த மருத்துவமனையிலும் கிடைக்காது. மிச்சிகன் மாநிலத்துக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து மோன்டோவும் அவருடைய சகாக்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணச் சளியை உண்டாக்கும் பழைய கொரோனா வைரஸ்கள் நான்கின் தொற்றுகள் 993 பதிவாகியிருந்தன. தொற்று கண்ட பெரியவர்களில் 9 சதவீதத்தினரும் குழந்தைகளில் 20 சதவீதத்தினரும்தான் டாக்டரிடம் போயிருந்தார்கள். அதாவது, மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு எண்ணுகிறவருடைய கண்ணில், தொற்றிய பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் படவே மாட்டார்கள். படாதவர்களை எண்ணுவதற்கு, அவர்கள் நலமாக இருக்கும்போதே அவர்களுடைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

அப்படிக் கதவைத் தட்டத் தொடங்கியவர் தாமஸ் ஃபிரான்சிஸ். சால்க்கின் போலியோ தடுப்பூசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். சால்க் அவரிடம் பயின்றவர். மிச்சிகனின் தென்கிழக்கில் உள்ள டெகும்சே என்னும் சிறிய ஊரை, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊரை, முழுவதுமாக ஒரு ஆய்வுக்களமாக்கிக்கொண்டு, இதய நோய் முதல் பலவற்றையும் அங்கே தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை அவர் 1950-களின் இறுதியில் தொடங்கினார். 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த இளம் டாக்டரான மோன்டோ, அந்த ஊரின் மூச்சுத்தொற்றுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். 1971 வரை ஒரு கட்டமாகவும் 1976 முதல் 1981 வரை இன்னொரு கட்டமாகவும் அந்த வேலை நடந்தது.

வேலையின் அன்றாடத்தைச் சொன்னால் உங்கள் வீட்டார் இன்னும் அதிகமாகவே சிரிக்கக்கூடும். தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் யாருக்காவது சளி, தொண்டைவலி, இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். நோய் தொடங்கி ஓரிரு நாட்களுக்குள் இருந்தால், ஆள் போய் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து வரவேண்டும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, அதன் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து உறைய வைப்பார்கள். ‘ஒன்றுமில்லை, எல்லோரும் நலம்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலையும் அதே அக்கறையோடு குறித்துவைக்க வேண்டும். உற்சாகம் வடிந்துபோவதற்கு இதைவிடத் தோதான வேலை வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அதிலிருந்து கிடைத்தவற்றுள் சில இன்று எல்லோருக்கும் தெரிந்தவைபோலத் தோன்றும், ஆனால் அவற்றுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது டெகும்சே போன்ற சில ஊர்கள்தாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆறு முறை சளித்தொல்லை வருகிறது. வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வந்து, இருபதுகளில் மட்டும் சற்றே மீண்டும் உயர்கிறது, ஏனென்றால் அந்த வயதினரின் மடியில் அப்போது ஒரு குழந்தை இருக்கிறது. மிகச் சிறிய வயதில் ஆண் குழந்தைகளுக்கே தொல்லை அதிகம். பிறகு பெண்களுக்கு அதிகம். பிள்ளைக்கு மாதாமாதம் சளி பிடிக்கிறதே, உடம்பில் ஏதோ கோளாறு என்று கலங்குகிற தாய்க்கு, இது இயல்பான கணக்குதான் என்று ஒரு டாக்டர் இன்று தைரியமாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

ஆனால் என்னை வியக்க வைப்பது அந்த உறைந்த சீரம்தான். மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸ்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன: 1965-இல் இங்கிலாந்தில் டிரெல்லும் பைனோவும் ஒன்றை அறிவித்தார்கள், 1966-இல் சிகாகோவில் 229இ என்ற வைரஸ், அடுத்த ஆண்டு ஓசி43 என்ற இன்னொன்று. சாதாரணச் செல் வளர்ப்பில் எளிதில் வளராத வைரஸ்கள் இவை. ஆகவே தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் தேடினால் அகப்படமாட்டா. மோன்டோவின் குழு சீரத்துக்குப் போனது. ஒரே ஆளின் இரத்தத்தில் இலையுதிர்காலத்தில் இல்லாத எதிர்ப்பொருள் வசந்தகாலத்தில் உயர்ந்திருந்தால், இடைப்பட்ட குளிர்காலத்தில் அவரை அந்த வைரஸ் தொற்றியிருக்கிறது என்று பொருள். இப்படித்தான் 229இ டெகும்சே முழுவதும் பரவிச் சென்ற ஒரு குளிர்காலத்தை 1970-இலும், ஓசி43 வந்து போன பருவங்களை 1974-இலும் அவர்களால் எழுத முடிந்தது. ஒரு கிருமிக்கு உலகம் பெயர்வைக்கும் முன்பே அதற்கான சாட்சியம் குளிர்பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்ன கேள்விக்காக என்று திட்டமிட்டு இதைச் சேர்த்துவைக்க முடியாது.

டெகும்சேயைப் பற்றி அதிகம் பேசப்படுவது 1968-ஆம் ஆண்டின் கதை. ஹாங்காங் ஃப்ளூ அமெரிக்காவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் ஊரையே காப்பாற்ற முடியுமா என்று பார்க்க, டெகும்சேயின் பள்ளிக் குழந்தைகளில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நவம்பரில் தடுப்பூசி போட்டார்கள். பக்கத்து ஊரான ஏட்ரியனில் போடவில்லை. தொற்று வந்தபோது ஏட்ரியனில் மூச்சுநோயின் அளவு டெகும்சேயைப்போல மூன்று மடங்கு இருந்தது. ஊசி போடாத பெரியவர்களுக்கும் டெகும்சேயில் பலன் கிடைத்திருந்தது. இதை ஒரு வெற்றிக்கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஓர் ஊருக்கு எதிரே ஓர் ஊரை நிறுத்திய ஒப்பீடு அது. வேறு எந்தக் காரணத்தாலும் ஏட்ரியனில் நோய் மிகுந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் அந்தத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு வாயடைக்க முடியாது. கனடாவின் ஹட்டரைட் சமூகத்தார் ஒதுங்கி வாழும் குடியிருப்புகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, சிலவற்றில் குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் மற்றவற்றில் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியும் போட்டுப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தபோதுதான் அந்த வாதத்துக்கு உரிய பதில் கிடைத்தது. அங்கே ஊசி போடாதவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 61 சதவீதம். பிரிட்டன் 2013-இல் குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி கொடுக்கத் தொடங்கியதற்கு, குழந்தையிடமிருந்துதான் வீட்டுக்குள் நோய் வருகிறது என்ற இந்தச் சிந்தனையே ஒரு காரணம். ஒரு கேள்வி எழுப்பப்பட்டதற்கும் அதற்கு ஐயமறப் பதில் வந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தத் துறைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

2010-இல் மோன்டோவின் குழு அதே முறையை ஆன் ஆர்பர் வட்டாரத்துக் குடும்பங்களோடு மீண்டும் தொடங்கியது. இப்போது வைரஸின் மரபணுவையே கண்டறியும் பிசிஆர் சோதனை இருந்ததால், 1960-களில் சீரத்தின் வழியே யூகிக்க வேண்டியிருந்தவற்றை நேரடியாகவே பார்க்க முடிந்தது. மேலே நான் குறிப்பிட்ட 993 தொற்றுகள் இங்கே கிடைத்தவைதான். அவற்றுள் 260 வீட்டிலேயே இருந்த இன்னொருவரிடமிருந்து வந்தவை. ஒருவருக்கு வந்து அடுத்தவருக்கு வருவதற்கு மூன்று நாட்களுக்குச் சற்று மேல் ஆயிற்று. அதே வீடுகளில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவிய விதத்துக்கு இது ஏறத்தாழ ஒப்பாக இருந்தது. இந்தப் பழைய நான்கு வைரஸ்களும் டிசம்பரில் தலைகாட்டி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உச்சம் தொட்டு, மே மாதத்துக்குள் ஓய்ந்துவிடுகின்றன.

அந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு, புதிய கொரோனாவும் கோடையில் அடங்கிவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது அடங்கவில்லை, 2020 ஜூன், ஜூலையிலேயே அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேகமாகப் பரவியது. எல்லோருக்கும் ஓரளவு பழகிய வைரஸுக்குப் பருவம் தடைபோடும். யாருக்கும் பழகாத வைரஸுக்கு அது அவ்வளவு தடையில்லை. கட்டுரை பேசியது பழைய நான்கைப் பற்றி. படித்தவர்கள் அதை ஐந்தாவதுக்கு நீட்டினார்கள். குறையை நான் ஆய்வின்மேல் போடமாட்டேன்.

ஆனால் வேறொரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். டெகும்சேயும் ஆன் ஆர்பரும் கடுங்குளிர் உள்ள ஊர்கள். ஃப்ளூவைக் குளிர்கால நோயாகவே பார்க்கும் பழக்கம் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து பாடப்புத்தகங்களுக்குள் வந்தது. இந்தியாவின் பத்து இடங்களில் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம் கொள்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் ஐப்பசி மழையோடு, அக்டோபர், நவம்பரில். எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்ற எளிய கேள்விக்குக்கூட மிச்சிகனின் பதிலைத் திருச்சியில் பயன்படுத்த முடியாது. முறையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

நீங்கள் கேட்ட டிசம்பர் 10 கூட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஃபைசர் தடுப்பூசிக்கு ஆதரவாக 17 பேரும் எதிராக 4 பேரும் வாக்களித்த, ஒருவர் வாக்களிக்காமல் விலகிய அந்தக் கூட்டத்தை அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த மோன்டோ நடத்தினார். கிருமியை அறிந்தவர்கள் அந்த மேசையைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். வீடுகளுக்குள் கிருமி என்ன செய்கிறது என்று அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலைமையில் இருந்தது பொருத்தமாகவே எனக்குப் பட்டது.

உங்கள் மகனைப் பற்றி. நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர் என்ற பேச்சை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம், அவர் நோயாளி அல்லாதவர்களையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் சமூக மருத்துவத் துறைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. சில இடங்களில் அது அறிக்கைகளை நிரப்பும் துறையாகவே நின்றுவிடுகிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் துறை பொறுப்பேற்றிருக்கும் கிராமமோ நகர்ப்பகுதியோ எது, அதே குடும்பங்களைத் தொடர்ந்து எத்தனை ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள், அந்தப் பதிவேடுகளை முதுகலை மாணவர் ஆராய முடியுமா என்று அவரை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். பதிவேட்டை எடுத்துக் காட்டுகிற இடத்தில் அவர் தயங்காமல் சேரலாம்.