பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

(சிறப்புக் கல்வி பற்றி வந்த கடிதங்களுக்குச் சென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் நீண்ட காலம் பணியாற்றிய சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. அறிவுசார் குறைபாடு 60 விழுக்காடு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். "இவனை வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியவில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். பள்ளி இப்படிச் சொல்லலாமா? எங்கே சேர்ப்பது அவனுக்கு நல்லது?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: சொல்லக் கூடாது, சகோதரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 31ஆம் பிரிவில், குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அந்தக் கல்வியை வீட்டருகே உள்ள பள்ளியில் பெறுவதா, சிறப்புப் பள்ளியில் பெறுவதா என்ற தேர்வைச் சட்டம் குழந்தையின் பக்கம் வைத்திருக்கிறதே தவிர, பள்ளியின் கையில் கொடுக்கவில்லை. "எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறோம்" என்று எழுதிய தாளை யாராவது நீட்டினால், நீங்கள் முடிவெடுக்கும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படியொரு தாளில் கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளையை இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. சிறப்புப் பள்ளியில் வகுப்பு சிறியது. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, உடை உடுத்துவது, கழிப்பறைக்குச் செல்வது முதலான அன்றாடப் பழக்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கீழ்ப்பாக்கத்தில் பால விஹார், கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்று பல பத்தாண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவரும் அமைப்புகள் நம் நகரத்தில் உள்ளன. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. ஆனால் வியாசர்பாடியிலிருந்து முட்டுக்காட்டுக்கு நாள்தோறும் ஒரு குழந்தையை அழைத்துச் சென்று திரும்புவது என்றால் தாயின் பகல் முழுவதும் பேருந்திலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அருகிலுள்ள பள்ளியில் கிடைப்பது வேறொன்று: தெருவில் தன்னோடு விளையாடும் பிள்ளைகளின் பேச்சு, அவர்களைப் பார்த்துக் கற்கும் பழக்கம், "இவன் எங்கள் வகுப்புப் பையன்" என்று சொல்லும் நான்கு நண்பர்கள். ஏழு வயதில் இது சிறிய செல்வம் அல்ல.

வலிப்பு அடிக்கடி வருகிறது, தினமும் பயிற்சி தேவைப்படுகிறது, பத்து நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்றால் சில ஆண்டுகள் சிறப்புப் பள்ளியில் பயின்றுவிட்டுப் பிறகு பொதுப் பள்ளிக்குத் திரும்பலாம். அது ஒருவழிப் பாதை அன்று. அப்படி இல்லையென்றால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் மகனுக்காக அந்தப் பள்ளி இதுவரை என்ன செய்து பார்த்தது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைப் பயிற்சி அளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வரவழைத்து, உங்கள் மகனுக்கென்று ஒரு தனிநபர் கல்வித் திட்டம் எழுதும்படி தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் வற்புறுத்தினால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

அந்தப் பயிற்றுநர் வாரம் ஒரு முறை வந்து போவது போதுமா என்று கேட்பீர்கள். போதாது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவரும், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவரும் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலையும் ஒருவரால் அந்த அளவை எப்படி நிறைவு செய்ய முடியும்? இதைப் பெற்றோர்தாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் உண்டு. மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் உங்கள் மகனுக்கும் துணையாகச் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. இவற்றுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள். டிஸ்லெக்ஸியாவாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவாள்?
– ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றும் 'மரம்' என்பதை 'மறம்' என்றும் எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளில் பலருக்கும் அந்தக் குழப்பம் உண்டு. என் கண்ணில் பட்டது வேறு. கொம்பு வரும் எழுத்துகளில்தான் அவள் திரும்பத் திரும்ப நிற்கிறாள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரு புறமும் குறி நிற்கிறது. அவள் 'தொட்டி' என்பதில் கொம்பை விட்டுவிட்டு 'தாட்டி' என்றும், 'கேட்டாள்' என்பதைக் 'கட்டோள்' என்றும் எழுதியிருக்கிறாள். எட்டாம் வகுப்பில் இது தொடர்ந்தால் முறையான மதிப்பீடு தேவை. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று. சான்றிதழ் கிடைத்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கோரலாம். தேர்வு நெருங்கும் வரை காத்திருக்காமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மொழி விலக்கை மட்டும் உடனடியாகக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. தேர்வுச் சலுகை தேர்வறையில்தான் உதவும். இன்னும் இரண்டு ஆண்டுகள் அவள் தினமும் படித்தாக வேண்டும். நாள்தோறும் இருபது நிமிடம், ஒரு கொம்பு வரிசையை மட்டும், தட்டில் பரப்பிய ரவையில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லப் பழக்குங்கள். சிறு குழந்தைகளுக்கு உரிய முறை என்று அவள் வெட்கப்பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யட்டும்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– ஒரு பாட்டி, திருவொற்றியூர்

பதில்: ஒரு வாரம்கூட வேண்டாம், அம்மா. செவித்திறன் பரிசோதனை முதலில் நடக்கட்டும். 'பெரா' எனப்படும் பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். குறைபாடு இருந்து, உள்காதுக் கருவி தேவை என்று மருத்துவர் சொன்னால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. கருவி பொருத்தியபின் பேச்சுப் பயிற்சி அவசியம்.

கேள்வி: நான்காம் வகுப்பில் 38 பிள்ளைகளுக்கு நான் ஒருத்தியே ஆசிரியை. ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன் திடீரென்று எழுந்து ஓடுகிறான். அவனிடம் அன்பு இருக்கிறது, ஆனால் வழி தெரியவில்லை.
– ஓர் ஆசிரியை, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் குற்றம் சாட்டும் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். அதற்கு என் நன்றி.

நான் சென்ற பள்ளி ஒன்றில் இப்படி ஓடும் சிறுவன் ஒருவன் இருந்தான். பிடிவாதக்காரன் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். ஒரு முற்பகல் முழுவதும் அவனருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் பழைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்றது. மின்சாரம் நின்ற கால் மணி நேரமும் அவன் படம் வரைந்துகொண்டிருந்தான். மின்சாரம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். மறுநாள் அவன் இடத்தைச் சன்னலோரத்துக்கு மாற்றினோம். ஓட்டம் முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறையாகக் குறைந்தது.

ஆகவே, ஒரு வாரத்துக்கு உங்கள் மாணவன் எழுந்து ஓடும் நேரத்தையும், அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அன்றைய பாடவேளைகளைச் சிறு படங்களாக வரைந்து அவன் இடத்தருகே ஒட்டி, ஒவ்வொன்றும் முடியும்போது அவன் கையாலேயே எடுக்கச் செய்யுங்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில், மாணவனை அவரோடு தனி அறைக்கு அனுப்பிவிடாமல், வகுப்பிலேயே அவரை உட்காரச் சொல்லி அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள்.