தொலைவிலிருந்து வேலை பார்க்கும் உதவியாளர்: சிறுதொழில் நடத்துவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பலரும் சொல்லும் தொலைநிலை உதவியாளரை அமர்த்துவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றைத் தேர்ந்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தனி ஆளாக இணையவழிக் கடை நடத்துகிறேன். மின்னஞ்சல், ஆர்டர், கணக்கு, முகநூல் பக்கம் என்று எதையும் விட முடியாமல் இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லோடு வைத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இருக்கும் வேலைகள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியாத நிலையில் வருகிறவர், முதல் வாரம் முழுவதும் உங்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். நீங்களோ ‘இதற்கு நானே செய்துவிடலாமே’ என்று சலித்துக்கொள்வீர்கள். இரண்டு வாரம் பொறுத்து, செய்த வேலையையும் அதற்குப் பிடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு ஒவ்வொரு வேலையைப் பற்றியும் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத்துக்குள் எழுத முடியுமா? சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று சில நிமிடங்களில் சரிபார்க்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த வேலையைக் கைமாற்றலாம். ஆர்டர் நிலவரம் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் அனுப்புவது, சந்திப்பு நேரங்களைக் குறிப்பது, பில்களைக் கணக்கில் ஏற்றுவது ஆகியவை பெரும்பாலும் இந்த வகையில் வரும். விலையைக் குறைப்பது, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, கோபமான வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது ஆகியவை வராது. அவற்றில் பதிலின் வரைவை உதவியாளர் எழுதலாம், அனுப்பும் பொத்தான் உங்கள் கையில் இருக்கட்டும்.

எழுதி வைக்காததன் விலையை நான் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் முதலில் வேலை பார்த்த உதவியாளரிடம் ஓர் எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்து, ‘பணம் வராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு வரி எழுதினேன். பணம் செலுத்தியவர்களின் வரிசைகளுக்கு நான் பச்சை நிறம் பூசியிருந்தேன். ஷீட்டிலேயே ‘செலுத்திய தேதி’ என்று ஒரு பத்தி இருந்தது. அதை நான் நிரப்பி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவர் நியாயமாகவே அந்தப் பத்தியைப் பார்த்தார், அது காலியாக இருந்த அனைவருக்கும் நினைவூட்டல் போனது. மறுநாள் காலை என் பெட்டியில், ஏற்கெனவே பணம் கட்டியவர்களின் ரசீதுகள் வரிசையாக வந்து கிடந்தன. பச்சை என்றால் என்ன என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

செய்முறையை எழுதச் சோம்பலாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேலையை ஒருமுறை நீங்களே செய்தபடி, செய்வதை வாய்விட்டுச் சொல்லி, கணினித் திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அதைப் பார்த்துச் செய்முறைக் குறிப்பை எழுதும் பொறுப்பை உதவியாளரிடமே கொடுங்கள். அவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது அந்தக் குறிப்பைப் படித்தாலே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ஆள் தேட ஃப்ரீலான்ஸ் தளத்துக்குப் போவதா, ஏஜென்சிக்குப் போவதா, தெரிந்தவர் மூலம் எடுப்பதா?

அப்வொர்க் போன்ற, தனித்து வேலை எடுத்துச் செய்பவர்களை (ஃப்ரீலான்ஸர்களை) அமர்த்த உதவும் தளங்களில் ஒருவரின் முந்தைய வேலைகளும் மதிப்பீடுகளும் கண்முன் இருக்கும். பணம் தளத்தின் வழியாகவே போவதால் தகராறு வந்தால் முறையிட ஓர் இடமும் இருக்கும். அதற்குரிய கட்டணத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்த, தளத்தில் கண்டுபிடித்தவரை மறுவாரமே வெளியே அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் விதிமுறைகளைப் படிக்க வேண்டும்: அப்வொர்க்கில் சந்தித்தவரோடு இரண்டு ஆண்டுகள் வரை தளத்தின் வழியாகவே பணப் பரிமாற்றம் நடக்க வேண்டும், இல்லையேல் அதற்கென ஒரு தொகை செலுத்தி விடுவித்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சியில் விலை கூடுதல். ஆனால் உங்கள் உதவியாளர் நோயில் விழுந்தால் வேறொருவரை அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. தெரிந்தவர் மூலம் வருபவர் நல்லவராகவே இருக்கலாம். வேலை சரியில்லை என்று சொல்ல நேரும் நாளில், நடுவில் இருக்கும் உறவும் சேர்ந்து கசக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதன்முறையாக எடுப்பவருக்கு என் பரிந்துரை ஃப்ரீலான்ஸ் தளம்தான். வாரம் ஐந்து மணி நேரம் என்று சிறிதாகத் தொடங்கி, ஒத்துவராவிட்டால் அதிகச் சேதமின்றி நிறுத்திக்கொள்ள அங்கே வசதி இருக்கிறது.

கேள்வி: வீடியோ நேர்காணலில் எல்லோருமே நன்றாகப் பேசுகிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

நேர்காணலில் தெரிவது பேச்சுத் திறன். நீங்கள் தேடுவதோ பெரும்பாலும் எழுத்தில் தொடர்புகொண்டு, நீங்கள் தூங்கும் நேரத்தில் தானாக வேலையை நகர்த்தக்கூடிய ஒருவரை. ஆகவே இறுதியாக நிற்கும் மூன்று பேருக்கும் இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரே வேலையைக் கொடுங்கள். அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள். ஊதியமில்லாமல் சோதனை வேலை கேட்பது முறையும் அல்ல, பயனும் அல்ல: கையில் வேலை இருக்கும் திறமைசாலிகள் விலகிக்கொள்வார்கள், வேறு வழியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

அந்த வேலையில் வேண்டுமென்றே ஓர் ஓட்டையை விட்டு வையுங்கள். உதாரணமாக, இருபது ஆர்டர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து அனுப்பும் தேதிகளை நிரப்பச் சொல்லும்போது, ஓர் ஆர்டரில் மட்டும் முகவரி இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கட்டும். ஒருவர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஒருவர் ஏதோ ஒன்றைத் தானே ஊகித்து நிரப்பிவிடுவார். இன்னொருவர் மற்ற பத்தொன்பதையும் முடித்துவிட்டு, ‘பதினான்காவது ஆர்டரில் முகவரி முரண்படுகிறது, எது சரி?’ என்று கேட்பார். மற்றவர்களின் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாமவரையே எடுங்கள். கவனிக்காதவரைக்கூடப் பழக்கிவிடலாம், ஊகித்து நிரப்புகிறவர்தான் ஆபத்து, ஏனென்றால் அவர் செய்யும் பிழை பிழையாகவே தெரியாது.

கேள்வி: மின்னஞ்சல், முகநூல், கடையின் இணையதளம் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் கொடுத்தால்தானே அவர் வேலை செய்ய முடியும்? இதில் எவ்வளவு நம்புவது?

பெரும்பாலான இடங்களில் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையே இல்லை என்பதுதான் பலரும் அறியாத செய்தி. ஜிமெயிலில் உங்கள் பெட்டியை இன்னொரு கணக்குக்குப் பொறுப்பளிக்கும் வசதி இருக்கிறது. அவர் தம் கணக்கிலிருந்தபடியே உங்கள் அஞ்சல்களைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், ஆனால் உங்கள் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. அஞ்சல்களை அழிக்கவும் அவரால் முடியும் என்பதை மறந்துவிடாதீர்கள். கூகுள் காலண்டரில், நேரம் காலியா இல்லையா என்பதை மட்டும் காட்டுவதிலிருந்து நிகழ்வுகளை மாற்றவும் விடுவது வரை படிப்படியாக அனுமதி தரலாம். முகநூல் பக்கத்திலும் பதிவு போடுவது, செய்திகளுக்குப் பதிலளிப்பது என்று வேலைவாரியாக அனுமதியைப் பிரித்துத் தர முடியும். கடைக்கான மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் ஊழியருக்கெனத் தனிக் கணக்கு உருவாக்கலாம். தனிக் கணக்கு என்றால், யார் எதை மாற்றினார் என்ற பதிவும் தனித்தனியாக இருக்கும். நாளை ஏதேனும் தவறு நடந்தால் அந்தப் பதிவு உங்களைவிட அவரைத்தான் அதிகம் காப்பாற்றும்.

ஒரே ஒரு கணக்குக்கு மேல் அனுமதிக்காத சேவைகளுக்கு, பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்ற பாஸ்வேர்ட் மேலாண்மைச் செயலி வழியாகப் பகிருங்கள். பாஸ்வேர்டை மறைத்துப் பகிரும் வசதியை முழுமையான பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். விஷயம் தெரிந்தவர் பிரவுசரிலிருந்து அதை எடுத்துவிட முடியும். ஒருவர் விலகினால் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம் என்பதே அதன் உண்மையான பயன். வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டை அனுப்புவது மட்டும் வேண்டாம். பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கப்படும், கைபேசிச் செயலி காட்டும் இரட்டைச் சரிபார்ப்புக் குறியீட்டையும் அப்படி அனுப்பிக் கட்டுப்படியாகாது: அது வழக்கமாக முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும், நீங்கள் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, பணம் அனுப்பும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். அவர் பட்டியலைத் தயாரிக்கட்டும், ஒப்புதலை நீங்கள் கொடுங்கள். கூடவே ஒரு விதியை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: சரக்கு தருபவர் ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று அஞ்சல் அனுப்பினால், அந்த அஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே பதிவை மாற்ற வேண்டும். சிறு நிறுவனங்களைக் குறிவைக்கும் மோசடிகளில் இது மிகவும் பழக்கமான ஒன்று. புதிதாக வந்த உதவியாளர், முதலாளி சொன்னதுபோல் வரும் எதற்கும் மறுப்பில்லாமல் இணங்குவார் என்பதே மோசடிக்காரர்களின் கணக்கு.

கேள்வி: அவர் உண்மையில் வேலை செய்கிறாரா என்று அறிய, திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லலாமா?

மணிக்கணக்கில் ஊதியம் தரும் தளங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பில்லுக்கு ஆதாரம் என்ற அளவில் அதற்குப் பொருள் உண்டு. அதற்கு மேல் நீங்களாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டாம். மவுஸ் நகர்ந்தது என்பதிலிருந்து பில்கள் சரியாக ஏறின என்று தெரிந்துவிடாது. ஒரு நாளைக்கு எத்தனை அஞ்சல்கள் முடிந்தன, எவை நிலுவையில் நிற்கின்றன, எதற்கு உங்கள் முடிவு தேவை என்ற மூன்று வரி அறிக்கையை வேலை முடியும்போது கேளுங்கள். மூன்றாவது வரி நாள்தோறும் நீண்டுகொண்டே போனால், குறை பெரும்பாலும் உங்கள் செய்முறைக் குறிப்பில்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கும் உதவியாளருக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். சமாளிக்க முடியுமா?

முடியும். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து பேசிக்கொள்ள ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். இதில் அடிக்கடி கோட்டைவிடுவது வேறோர் இடத்தில்: கோடைக்கால நேர மாற்றம். அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்றும் முன்னே தள்ளப்படுகிறது. இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் தள்ளப்படுவதே இல்லை. ஆகவே சந்திப்பை யாருடைய ஊர் நேரத்தில் குறிக்கிறீர்கள் என்பதையும் காலண்டரில் சேர்த்துக் குறியுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் அவசியமா? நாலு மணி நேர வேலைக்கெல்லாம் அது மிகையாகத் தோன்றுகிறது.

ஒன்றிரண்டு பக்கம் போதும், ஆனால் இருக்க வேண்டும். மணிக்கணக்கா மாதத் தொகையா, எந்தத் தேதியில் பணம், எத்தனை நாள் முன்னறிவிப்பில் இருவரும் விலகிக்கொள்ளலாம், வாடிக்கையாளர் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பவை அதில் வரட்டும். அவர் எழுதும் உரையும் வரையும் படமும் உங்களுக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். பல நாடுகளின் சட்டத்தில், வெளியாள் படைத்ததன் பதிப்புரிமை எழுத்தில் மாற்றித் தரும்வரை படைத்தவருடையதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்புக்குள் வரும் தொழில் என்றால், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகளின் 28-ஆம் பிரிவு, உங்களுக்காகத் தனிநபர் தரவைக் கையாளும் வெளியாளுடன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது.

இன்னொன்று: ‘ஃப்ரீலான்ஸர்’ என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் அவர் ஃப்ரீலான்ஸர் ஆகிவிடுவதில்லை. தினமும் இன்ன நேரம் அமர வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, ஒவ்வொன்றையும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நீங்கள் கட்டுப்படுத்தினால், பல நாடுகளில் அவரைச் சட்டம் ஊழியராகவே கருதக்கூடும்; வரியும் சலுகைகளும் அதற்கேற்ப வரும். முழுநேரமாக அமர்த்துவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை ஆண்டு நன்றாக வேலை பார்த்த உதவியாளர் நல்ல முறையில் விடைபெற்றுப் போனார். இப்போது கோப்புகள் பல திறக்கவில்லை, இன்ஸ்டாகிராம் கணக்கிலும் நுழைய முடியவில்லை. என்ன நடந்திருக்கும்?

யாரும் எதையும் திருடியிருக்க மாட்டார்கள். கூகுள் டிரைவில் ஒருவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து உருவாக்கும் கோப்புக்கு அவரே உரிமையாளர்; உங்கள் ஃபோல்டருக்குள் வைத்திருந்தாலும் அப்படித்தான். அவர் தம் டிரைவைச் சுத்தம் செய்தபோது உங்கள் கோப்புகளும் சேர்ந்து போயிருக்கும். குப்பைத் தொட்டியில் முப்பது நாள் இருக்கும் என்பதால் இன்றே அவருக்கு எழுதி, மீட்டெடுத்து உங்களுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அடுத்து வருபவருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கொடுத்து, எல்லாவற்றையும் அதிலிருந்தே உருவாக்கச் சொல்லுங்கள். கட்டணச் சேவையில் கிடைக்கும் பகிர்வு டிரைவில் வைத்தால், கோப்பு எழுதியவருக்கு அல்லாமல் நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கும்.

இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கியபோது அவருடைய மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அது வசதியாக இருந்திருக்கும். உறவு நன்றாக இருப்பதால் இதுவும் ஒரு போனில் தீரும்: அவர் உள்ளே நுழைந்து உங்கள் மின்னஞ்சலையும் எண்ணையும் சேர்த்துவிட்டுத் தம்முடையவற்றை நீக்கினால் போதும். அந்த அழைப்பிலேயே, அவர் உங்களுக்காகத் தொடங்கிய மற்றக் கணக்குகளின் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இணையதள முகவரியான டொமைன் பெயரின் புதுப்பிப்பு அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்பதை முதலில் கேளுங்கள்.