92 சதவீதம் துல்லியமாம், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: இணையத்தில் ஒரு புத்தகக் கடை நடத்துகிறேன். சுமார் 4,000 தலைப்புகள், அதோடு கொஞ்சம் நோட்டு, பேனா, மை. ஒரு நாளைக்கு 600 பேர் வருகிறார்கள், நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குகிறார்கள். 'இதையும் வாங்கலாம்' என்று காட்டும் பரிந்துரை என்ஜின் ஒன்றை ஒரு ஏஜென்ட் கொண்டுவந்தார். 92 சதவீதம் துல்லியம் என்கிறார். இரண்டு வாரம் இலவசமாகப் போட்டுப் பார்த்தோம். வருபவர்களில் பாதிப் பேருக்கு என்ஜின், மீதிப் பேருக்குப் பழைய பக்கம். பழைய பக்கத்தில் 84 ஆர்டர், என்ஜின் பக்கத்தில் 99. இரண்டு வருட ஒப்பந்தம், என்ஜின் மூலம் வரும் விற்பனையில் பங்கு என்று கேட்கிறார். நம்பலாமா?

பதில்: இந்த ஒப்பந்தத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். என்ஜின் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவர் காட்டிய இரண்டு எண்களை வைத்து அது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் அவருக்குக் கமிஷன் வந்துவிடும், அதுதான் வித்தியாசம்.

முதலில் அந்த 92. துல்லியம் என்ற சொல்லை இந்தத் தொழிலில் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஒரு வாசகர் அடுத்த மாதம் உங்கள் 4,000 தலைப்புகளில் 2 வாங்கப் போகிறார் என்று வையுங்கள். நான் ஒரு என்ஜின் செய்து தருகிறேன். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் 'வாங்க மாட்டார்' என்று மட்டும் சொல்லும். 3,998 தடவை அது சொன்னது சரி. துல்லியம் 99.95 சதவீதம்! ஏஜென்ட்டின் சரக்கை விட என்னுடையது உசத்தி. என்ன, ஒரு புத்தகம்கூட விற்காது.

அவர் இவ்வளவு பச்சையாகச் செய்திருக்க மாட்டார். பெரும்பாலும் நடப்பது வேறு. ஒருவர் உண்மையில் வாங்கிய புத்தகம் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய 99 தலைப்புகளுடன் கலந்து விடுவார்கள். என்ஜின் அந்த நூறையும் வரிசைப்படுத்தும். வாங்கிய புத்தகம் முதல் பத்துக்குள் வந்தால் ஒரு மதிப்பெண். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எந்தக் கடையிலும் பாதிக்கு மேற்பட்ட தலைப்புகள் எப்போதாவதுதான் நகரும். அப்படிப் பொறுக்கிய 99இல் பெரும்பாலானவை தூசி படிந்து கிடப்பவை. அந்தக் கூட்டத்தில் முதல் பத்துக்குள் வருவது பெரிய வித்தை இல்லை. 'எது அதிகம் விற்கிறதோ அதை மேலே போடு' என்ற ஒற்றை வரி விதியே இந்தப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். 4,000 தலைப்புகளையும் வரிசைப்படுத்தச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். வாலித் கிரிஷேன், ஸ்டெஃபன் ரெண்டில் என்ற இருவர் 2020இல் இதை அலசினார்கள். இப்படிக் கொஞ்சம் பொறுக்கிப் பார்க்கும் சோதனையில் எந்த அல்காரிதம் மேல், எது கீழ் என்ற வரிசையே மாறிப்போகலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் விற்பனைப் பிரசுரங்களில் அந்தச் சோதனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, என்ஜின் உள்ளே என்ன செய்கிறது? பெயர்கள்தான் மிரட்டும். அடிப்படை வெறும் எண்ணிக்கை. உங்களிடம் இதுவரை வாங்கியவர்கள் 3,000 பேர் என்று வைப்போம். ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தை 40 பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்த 40 பேரில் 12 பேர் பிரபலமான நாவல் ஒன்றையும், 10 பேர் காளான் வளர்ப்புப் புத்தகம் ஒன்றையும் வாங்கியிருக்கிறார்கள். தோட்டக்கலைப் பக்கத்தில் எதைக் காட்டுவீர்கள்? 12 பெரியது என்று நாவலைக் காட்டினால் தப்பு. அந்த நாவலை மொத்தம் 900 பேர் வாங்கியிருக்கிறார்கள். 3,000க்கு 900 என்றால் எந்த 40 பேரை எடுத்தாலும் சுமார் 12 பேர் அதை வாங்கியிருப்பார்கள். தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காளான் புத்தகத்தை வாங்கியவர்கள் மொத்தமே 25 பேர். சும்மா எடுத்த 40 பேரில் அரை ஆள்கூடத் தேறாது, கணக்குப்படி மூன்றில் ஒரு ஆள். இங்கே 10 பேர் இருக்கிறார்கள், எதிர்பார்த்ததைப் போல 30 மடங்கு. காட்ட வேண்டியது காளான்தான்.

சேர்ந்து விற்பதை எண்ணி, எதுவாக இருந்தாலும் விற்கும் பிரபலத்தைக் கழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொருளுக்குப் பொருள் ஒப்பிடும் இந்த வழியைத்தான் அமேசான்காரர்கள் 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு மேல் வருவது வாசகரையும் புத்தகத்தையும் சில டஜன் எண்களாகச் சுருக்கிப் பொருத்திப் பார்ப்பது. அதுக்கு மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன் என்று பெயர். அப்புறம் நியூரல் நெட்வொர்க், அதாவது டேட்டாவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் பல அடுக்குக் கணக்கு. கோடிக்கணக்கில் டேட்டா இருக்கும் இடத்தில் இவை சோறு போடும். உங்கள் அளவுக்கு மேலே சொன்ன எண்ணிக்கையை விட எவ்வளவு கூடுதலாகத் தரும் என்பதை ஏஜென்ட்தான் நிரூபிக்க வேண்டும், நீங்கள் அல்ல. புதிதாக வந்த புத்தகத்துக்கு எண்ணிக்கையே இருக்காது. அதை ஆசிரியர், பொருள், பதிப்பகம் பார்த்துப் பொருத்த வேண்டியதுதான்.

ஆய்வு உலகமும் இதில் சுத்தம் இல்லை. பெரிய மாநாடுகளில் வந்த 18 நியூரல் முறைகளை எடுத்து 2019இல் ஒரு குழு திரும்பச் செய்து பார்த்தது. கொஞ்சம் பாடுபட்டால் ஓட்டிப் பார்க்க முடிந்தவை 7தான். அந்த ஏழில் 6ஐ, சரியாகச் சீரமைத்த பழைய எளிய முறைகள் பல இடங்களில் தோற்கடித்தன. ஆக, 'லேட்டஸ்ட் ஏஐ' என்று பிரசுரத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பார்வையாளர் எத்தனை நட்சத்திரம் போடுவார் என்ற கணிப்பின் பிழையை 10 சதவீதம் குறைக்க வேண்டும். 2009இல் ஒரு கூட்டணி 10.06 சதவீதம் குறைத்துப் பரிசை வாங்கியது. பல முறைகளைக் கலந்து கட்டிய அந்தக் கடைசிக் கணக்கை நெட்ஃபிளிக்ஸ் முழுசாகப் பயன்படுத்தவே இல்லை. கூடுதல் துல்லியம் அதை ஓட்டும் உழைப்புக்கு ஈடாகாது என்று அவர்களே பின்னர் சொன்னார்கள். நட்சத்திரத்தைச் சரியாகக் கணிப்பதும், இன்று ராத்திரி பார்க்க எதைக் காட்டுவது என்பதும் ஒன்றில்லை.

உங்கள் பழைய விற்பனைக் கணக்கை வைத்தே ஏஜென்ட்டைச் சோதிக்கலாம். ஒரு தேதியை வெட்டுக்கோடாக வையுங்கள். அதுவரைக்குமான டேட்டாவை மட்டும் கொடுங்கள். அதற்குப் பின் ஒவ்வொருவரும் வாங்கியதை மறைத்து வையுங்கள். ஆளுக்குப் பத்துப் பரிந்துரை தரச் சொல்லி, எத்தனை பேருக்கு ஒன்றாவது பலித்தது என்று எண்ணுங்கள். கூடவே 'கடந்த மாதம் அதிகம் விற்ற பத்து' என்ற பட்டியலையும் அதே சோதனையில் ஓட்டுங்கள். தேதி பார்க்காமல் ஆங்காங்கே உருவி மறைத்தால் கதை கந்தலாகும். தொடர்கதையின் மூன்றாம் பாகத்தை ஒருவர் வாங்கியிருப்பதைக் காட்டிவிட்டு, இரண்டாம் பாகத்தை வாங்குவாரா என்று கேட்பது போல. எந்த என்ஜினும் பாஸ்.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. பல தடவை இதில்தான் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்பதால் விலாவாரியாகச் சொல்கிறேன். ஏற்கெனவே வாங்கியதைத் திரும்பக் காட்டக் கூடாது என்பது பொது விதி. படித்த நாவலை யாரும் மறுபடி வாங்கப் போவதில்லை. ஆனால் உங்களிடம் நோட்டும் பேனாவும் மையும் இருக்கின்றன. மை தீர்ந்தால் அதே மையைத்தான் வாங்குவார். அதைக் காட்டத்தான் வேண்டும். அங்கே விதி தலைகீழ். இதில் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. ஒரு நிறுவனத்துக்காக இப்படி ஓர் என்ஜினைச் சோதிக்கப் போனேன். பலித்ததாகக் காட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி அதே ஆள் மாதாமாதம் வாங்கும் அதே பொருள். அதற்கு என்ஜின் எதற்கு? பழைய பில்லைப் பார்த்தால் போதும். அதனால் திரும்ப வாங்கியவற்றைத் தனியாகவும், முதல் முறை வாங்கியவற்றைத் தனியாகவும் எண்ணச் சொல்லுங்கள். இதிலும் ஒரு உள்விலக்கு இருக்கிறது. வருஷா வருஷம் புதுசாக வரும் டைரி, தேர்வு வினாத்தாள் தொகுப்பு மாதிரி சரக்கு. தலைப்பு புதிது, ஆனால் பழக்கம் பழசு. டேட்டாவில் புதுப் பொருளாகத்தான் தெரியும். அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு மத்தியானம் செலவழியுங்கள், பலன் இருக்கும். பரிசாக வாங்கியவை, ஒரே கணக்கில் குடும்பமே வாங்குவது என்று போனால் முடிவே இல்லை, அதை விடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு வாரம். ஆளைப் பாதியாகப் பிரித்தது சரியான வேலை, பாராட்டுகிறேன். ஆனால் எண்ணிக்கை போதாது. ஒரு பக்கத்துக்கு 4,200 பேர், அதில் 84 ஆர்டர். இந்த அளவு எண்கள் காரணமே இல்லாமல் இப்படியும் அப்படியும் 9 வரை ஆடுவது சகஜம். இரண்டு பக்கமும் ஆடும்போது வித்தியாசம் 13, 14 என்று ஆடும். என்ஜினே இல்லாமல் இரண்டு பாதிப் பேருக்கும் அதே பழைய பக்கத்தைக் காட்டியிருந்தாலும், 15 ஆர்டர் அளவுக்கு ஏதோ ஒரு பக்கம் சாய்வது நாலு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நம்பிக்கை இல்லை என்றால் என்ஜினைக் கழற்றிவிட்டு அதே பிரிவினையை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

2 சதவீதத்தில் வாங்குபவர்கள் 2.2 ஆனார்களா என்று ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க, ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 80,000 பேர் தேவை. ஒரு நாளைக்கு 600 பேர் என்றால் ஒன்பது மாதம். எந்த ஏஜென்ட்டும் இதைச் சொல்ல மாட்டார். தினமும் டேஷ்போர்டைப் பார்த்து, எண் நன்றாக இருக்கும் நாளில் 'சோதனை முடிந்தது' என்பார். ஆர்டருக்குப் பதில் கிளிக்கை எண்ணினால் சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் அட்டைப்படம் கவர்ச்சியாக இருந்தாலே கிளிக் விழும். யூடியூப் இந்த அனுபவத்தில்தான் 2012இல் கிளிக்கை விட்டு, பார்த்த நேரத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது ஒப்பந்தத்தில் இருக்கும் 'என்ஜின் மூலம் வந்த விற்பனை' என்ற வரி. அதன் வரையறை எங்கே என்று தேடுங்கள். வழக்கமாகப் பொடி எழுத்தில், 'பரிந்துரைப் பெட்டியைக் கிளிக் செய்தவர் அடுத்த இத்தனை நாளில் வாங்கிய எல்லாம்' என்று இருக்கும். சில ஒப்பந்தங்களில் கிளிக்கூட வேண்டாம், பெட்டி கண்ணில் பட்டாலே போதும். இரண்டாம் பாகம் வாங்கவே வந்தவர், தேடும் பெட்டியில் தட்டுவதற்குப் பதில் பரிந்துரையில் தெரிந்ததைக் கிளிக் செய்தால், அந்த விற்பனைக்கும் பங்கு கட்டுவீர்கள். உங்கள் வாடிக்கையாளரை உங்களுக்கே விற்கிற வியாபாரம் இது. அமித் சர்மா, ஜேக் ஹாஃப்மன், டங்கன் வாட்ஸ் மூவரும் 2015இல் அமேசான் பக்கங்களில் நடமாடியவர்களின் பதிவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். பரிந்துரை வழியே போன கிளிக்குகளில் குறைந்தது 75 சதவீதம், பரிந்துரை இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியவை. உங்கள் கடையில் அது கூடலாம், குறையலாம். ஏஜென்ட்டின் கணக்கில் மட்டும் அது எப்போதும் பூஜ்யம். இந்தக் கணக்கை வெளியாள் யாரும் தணிக்கை செய்வதில்லை. அவரே மாணவர், அவரே பரீட்சை திருத்துபவர், மதிப்பெண்ணுக்கு ஏற்ற சம்பளமும் அவருக்கே.

ஏஜென்ட்டிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். வருபவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒப்பந்தக் காலம் முழுக்க என்ஜினைக் காட்டாமல் வைக்க வேண்டும், யாருக்கு என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். பங்கு வேண்டுமென்றால், அந்த ஐந்தில் ஒரு பங்கை விட மற்றவர்கள் ஆளுக்குச் சராசரியாக எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்பதிலிருந்து மட்டும்தான் தரப்படும். விலகும்போது கிளிக், ஆர்டர் டேட்டா முழுவதையும் சாதாரணக் கோப்பாகத் திருப்பித் தர வேண்டும். கடைசியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டேட்டா அவரிடம் மாட்டிக்கொண்டால் இரண்டு வருடம் கழித்து வேறு என்ஜினுக்கு மாறவே முடியாது.

ஒத்துக்கொண்டால் மூன்று மாத ஒப்பந்தமாகப் போடலாம். மழுப்பினால் வெளியே அனுப்பிவிட்டு, தோட்டக்கலை, காளான் கணக்கை உங்கள் கடையின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் கொடுங்கள். நாற்பது, ஐம்பது வரி நிரல்தான். இரண்டு பேருக்கும் குறைவானவர்கள் சேர்த்து வாங்கிய புத்தக ஜோடிகளை நீக்கிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் ஒரு தடவை அகராதியும் சமையல் புத்தகமும் சேர்த்து வாங்கியது, அகராதிப் பக்கத்தில் முதல் பரிந்துரையாக வந்து நிற்கும்.